கவராயம்

அரசாணை வந்தபோது
கேப்பர் மலையில் முந்திரி பூத்திருந்தது.
பெட்டிகள் வந்தபோது கொட்டையே முற்றிவிட்டது.

கணிதப் பெட்டி, இருபத்திரண்டு.
தகர மூடியில் ராக்கெட் படம்.
பண்டகப் பதிவேட்டில் நான்தான் ஏற்றினேன்:
அளவுகோல், பாகைமானி, மூலைமட்டம் இரண்டு,
பென்சில், அழிப்பான், கவராயம், கவை.
மை காய்வதற்குள் பாதுகாப்புப் பிரிவின் குறிப்பு:
கூர்முனைப் பொருள்கள் உள்ளே செல்லலாகாது.

ஒரே அரசு. இரண்டு கையெழுத்து.
கவராயங்கள் என் பீரோவில் படுத்துக்கொண்டன,
அரிசி பருப்புக் கணக்குக்கு அடியில்,
கால்களை ஒடுக்கி.

சாப்பாட்டுத் தட்டை வைத்து வட்டம் போட்டார்கள்.
டம்ளரை வைத்துப் போட்டார்கள்.
சிறைத் தட்டின் ஆரம் பதினொன்று.
புத்தகம் கேட்பது மூன்று.

சிங்காரத்தோப்பு சவரிநாதன்
போர்வையிலிருந்து ஒரு நூல் உருவினான்.
ஒரு முனை கட்டைவிரலுக்கு அடியில்,
மறுமுனை பென்சிலின் கழுத்தில்.
நங்கூரம் போட்ட படகு இப்படித்தான் திரும்பும் என்றான்.
வட்டம் மூடவில்லை,
தொடங்கிய இடத்துக்கும் வந்து சேர்ந்த இடத்துக்கும் நடுவே
ஓர் அரிசி அளவு.
"இதுக்கு எத்தன மார்க் கொறப்பாங்க, டீச்சர்?"
பகுதிநேர ஆசிரியை தமயந்தி அந்த இடைவெளியையே பார்த்தார்.
அவருடைய ஜனவரிச் சம்பளம்
இன்னும் ஒப்புதலில் இருந்தது.

மூன்று முறை கோப்பு எழுதினேன்.
மூன்றாவது முறை ஓரத்தில் பச்சை மையில் வந்தது:
தேர்வன்று மட்டும். எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்க.

கணக்குத் தேர்வு.
எண் ஒட்டி எண்ணிக் கொடுத்தேன், இருபத்தொன்று.
ஒன்று கையில் மிஞ்சியது.
ஜபருல்லாவுக்கு முந்தின மாலை ஜாமீன்.
இந்நேரம் பரங்கிப்பேட்டையில்
வீட்டுச் சோற்றைத் தின்று தூங்கிக்கொண்டிருப்பான்.
நல்லதுதானே என்று பெட்டியை மூடினேன்.

ஒன்பது நாற்பதுக்கு வாசலில் சத்தம்.

"உள்ள விடுங்க சார்."

அந்த இரும்பு அப்படி ஒரு வாக்கியத்தைக்
கேட்டிருக்காது.
மடிப்புக் கலையாத சட்டை, முதல் பஸ்ஸின் புழுதி,
மேடேறி வந்த மூச்சிரைப்பு.
நுழைவுச்சீட்டைக் கம்பிக்குள் நீட்டினான்:
"சென்டர் இங்கதான போட்டிருக்கு?"

போட்டிருந்தது. மத்திய சிறை, கடலூர்.
காவலர் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.
விதிப் புத்தகத்தைப் புரட்டினேன்.
அனுப்புவதற்கு எத்தனையோ பக்கம்.
அனுப்பியவனைத் திரும்ப விட ஒரு வரியைக் காணோம்.
கல்வி அலுவலகத்தில் தொலைபேசி அடித்துக்கொண்டேயிருந்தது.
ஒன்பது ஐம்பத்தைந்து. பத்து.
கண்காணிப்பாளர் வந்து நின்றார், கடிகாரத்தைப் பார்த்தார்,
"பார்வையாளர்னு எழுதி விடுங்க" என்றார்.

பார்வையாளர் பதிவேடு:
பெயர். ஊர். காண வந்த சிறைவாசி. உறவுமுறை.
மூன்றாவது கட்டத்தில் அவன் எழுதினான்:
கணக்கு.
நான்காவதை விட்டுவிட்டான்.
நான் ஒரு கோடு போட்டேன்.

பத்து பன்னிரண்டுக்கு உட்கார்ந்தான்.
எட்டு மதிப்பெண் கேள்வி:
மூன்று செ.மீ. ஆரமுள்ள வட்டம் வரைக.
மையத்திலிருந்து ஏழு செ.மீ. தள்ளி ஒரு புள்ளி.
அதிலிருந்து வட்டத்துக்குத் தொடுகோடுகள் வரைக.
பதினேழு வருடமாகப் பட்டியல் கூட்டுகிறவள் நான்,
எனக்கு மறந்துபோயிருந்தது.
சவரிநாதனின் இடது கையில் கவராயம்.
நூலும் வைத்திருந்தான், சட்டைப் பையில்,
எதற்கும் இருக்கட்டும் என்று.

ஒன்றேகாலுக்கு எண்ணினேன்.
போனது இருபத்திரண்டு, வந்தது இருபத்திரண்டு.
கடைசி ஒன்றின் திருகில்
பென்சில் துண்டு மாட்டியபடியே இருந்தது.
கழற்றவில்லை.

முடிவுகள் இன்னும் வரவில்லை.
அடுத்த ஆண்டின் தேவைப் பட்டியல்
இன்று மாலைக்குள் போக வேண்டும்.
கணிதப் பெட்டி, முப்பது என்று எழுதி
கொஞ்ச நேரம் பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தேன்.
பிறகு அதே வரியில், அதே மையில்:
கவராயம் உட்பட.